கத்திரி வெயிலில் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் எங்கே போகின்றன?

நீங்கள் கேட்டது இது: கரூர் பக்கம் வீடு. பின்பக்கம் ஒரு மாமரம், முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை, கொஞ்சம் இட்லிப்பூ, செம்பருத்தி. மார்ச் வரை பறவையும் பட்டாம்பூச்சியும் நிறைய வந்தன. சித்திரை பிறந்ததிலிருந்து தோட்டம் வெறிச்சோடிக் கிடக்கிறது. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் வைத்தும் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் வீட்டு வேலை முடிந்து பத்து மணிக்கு மேல்தான் தோட்டத்தில் உட்கார முடிகிறது. வெயில் காலத்தில் இவற்றைப் பார்க்கவே முடியாதா?

தாராளமாகப் பார்க்கலாம். இன்னும் சொல்லப்போனால், நம் ஊர்ப் பறவைகளை அருகிலிருந்து பார்க்க மே மாதத்தை விட்டால் வேறு நல்ல காலம் இல்லை என்றே நான் சொல்வேன். மழைக்காலத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர், எங்கு பார்த்தாலும் பூச்சி. அவை எங்கே வேண்டுமானாலும் போகும். கத்திரியில் அப்படி இல்லை. நிழலும் தண்ணீரும் சேர்ந்திருக்கிற இடம் ஒரு தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அங்கே வந்துதான் ஆக வேண்டும். உங்களிடம் மாமர நிழல் இருக்கிறது. தண்ணீரைச் சரியான இடத்துக்கு மாற்றி, நீங்கள் உட்காரும் நேரத்தையும் கொஞ்சம் மாற்றினால் போதும்.

முதலில் ஒரு விஷயம். மார்ச் வரை பார்த்தவற்றில் சில உண்மையிலேயே ஊரை விட்டுப் போய்விட்டன. வேலியோரம் உட்கார்ந்திருக்கும் பழுப்புக் கீச்சான், சருகுக்குள் தத்தித் தத்தித் திரியும் ஆறுமணிக்குருவி, புதருக்குள் 'டக், டக்' என்று மட்டும் கேட்கும் கதிர்க்குருவிகள் எல்லாம் நம்மிடம் குளிர்காலத்துக்கு வந்தவை. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்துக்கும் மத்திய இந்தியக் காடுகளுக்கும் போய்க் கூடு கட்டும். பழுப்புக் கீச்சான் சைபீரியா வரை போகும். ஏப்ரல் முடிவதற்குள் இவை கிளம்பிவிடும். இவற்றை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். மற்றவை அங்கேயேதான் இருக்கின்றன: தவிட்டுக்குருவி, சின்னான் (புல்புல்), தேன்சிட்டு, தையல்சிட்டு, குண்டுகரிச்சான், மைனா, குயில், செம்போத்து, வால்காக்கை, குக்குறுவான், புள்ளிப்புறா. பத்து மணிக்கு மேல் இவற்றில் பெரும்பாலானவை வாயை மூடிக்கொண்டு நிழலுக்குள் போய்விடுவதால் இல்லாதது போலத் தெரிகிறது.

ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அவற்றின் உடல் வெப்பம் இயல்பாகவே நம்மைவிட அதிகம், ஏறக்குறைய 40, 41 டிகிரி செல்சியஸ். வெளியே காற்றும் அதே 40 டிகிரி ஆகும்போது உடம்புச் சூட்டை வெளியே தள்ள முக்கிய வழி மூச்சில் ஈரத்தை ஆவியாக விடுவது. மதியம் காகம் அலகைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பது அதனால்தான். இன்னும் கூர்ந்து பார்த்தால் இறக்கைகளை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கும். இறக்கைக்கு அடியில் மெல்லிய தோல் இருக்கும் இடத்தில் காற்றுப்பட்டால் சூடு குறையும். பறப்பது என்பது உடம்புக்குள் அடுப்பு மூட்டுவதற்குச் சமம். ஆகவே அந்த நேரத்தில் பறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். மூச்சில் போன ஈரத்தை எங்கேயாவது ஈடுகட்டியாக வேண்டும். அதற்குத்தான் தண்ணீர்.

பட்டாம்பூச்சியின் கதை வேறு. அதற்கு உடல் வெப்பம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிர்ந்த காலையில் இறக்கையை விரித்து வெயில் காய்ந்தால்தான் பறக்கும் தசைகள் வேலை செய்யும். கத்திரியில் விடிந்த கொஞ்ச நேரத்திலேயே அந்தச் சூடு கிடைத்துவிடுகிறது. உச்சி வெயிலில் அளவுக்கு மீறிப்போகிறது. அப்போது இறக்கைகளை மூடி, சூரியனுக்கு விளிம்பை மட்டும் காட்டி உட்காரும், அல்லது இலைக்கு அடியில் போய்த் தொங்கும். மாமரத்துக்குள் நுழைந்து கீழிருந்து மேலே அண்ணாந்து பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தில் வெண்புள்ளிக் கருப்பன் ஒன்றிரண்டு தொங்கிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இப்போது நேரத்துக்கு வருவோம். மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். பறவைகள் அதற்கும் முன்னால் எழுந்துவிடும். குயில் நாலு மணிக்கே தொடங்கும். கொஞ்சம் வெளுக்க ஆரம்பித்ததும் கரண்ட் கம்பியிலோ தென்னை உச்சியிலோ குண்டுகரிச்சான் பாடும். கருப்பு வெள்ளைச் சிறு பறவை, வாலைத் தூக்கித் தூக்கி வைக்கும், ஒவ்வொரு முறையும் பாட்டை மாற்றி மாற்றிப் பாடும். கோடை அதன் இனப்பெருக்கக் காலம் என்பதால் மற்ற மாதங்களில் இந்தக் கச்சேரி இந்த அளவுக்குக் கிடைக்காது. ஐந்தரையிலிருந்து எட்டு வரை பறவைகளுக்கு. எட்டிலிருந்து பத்து, பத்தரை வரை பட்டாம்பூச்சிகளுக்கு. அப்புறம் மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை மறுபடி இரண்டும். காலையில் உங்களுக்கு ஒழியாது என்றால் மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ச் சட்டியைப் பொறுத்தவரை மாலைதான் காலையைவிட விசேஷம்.

பத்துக்கு மேல்தான் உட்கார முடியும் என்றாலும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் அடங்கிப்போன உச்சிப் பொழுதில் எங்கோ ஒரு மரத்திலிருந்து 'டொக், டொக், டொக்' என்று சீராக ஓயாமல் சத்தம் வரும். பாத்திரக் கடையில் செம்பு தட்டுகிற மாதிரி இருக்கும். அது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். இலையோடு இலையாக இருக்கும் என்பதால் கண்ணில் படுவது அரிது. ஆனால் காலையில் பட்டுப்போன கிளையின் நுனியில் வெயில் காய வரும். அப்போது தொலைநோக்கியில் பாருங்கள்: கூவும்போது அலகு திறக்காது. மூடிய அலகோடு தலையை ஆட்டும். ஒவ்வொரு 'டொக்'குக்கும் தொண்டையின் இரு பக்கமும் தோல் உப்பி அடங்கும். முருங்கையில் காய்ந்த கிளை இருந்தால் வெட்டிவிடாதீர்கள். மெத்தென்ற பட்ட மரத்தைக் குடைந்து பொந்து வைப்பது இதற்குப் பிடிக்கும்.

சரி, தண்ணீர். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டப்பா ஏன் பலிக்கவில்லை என்றால், ஒன்று அந்தத் தண்ணீர் பதினோரு மணிக்கே கை வைக்க முடியாத அளவு சுட்டிருக்கும். இரண்டு, டப்பா ஆழமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் சின்னப் பறவை அதில் இறங்கப் பயப்படும். மூன்று, நடுத் தளத்தில் ஒதுங்க ஒரு கிளை கூட இல்லாமல் வல்லூறின் பார்வைக்கு நேராக யாரும் வந்து குளிக்க மாட்டார்கள். காகமும் மாடப்புறாவும் வரலாம். நீங்கள் பார்க்க விரும்புவது அவற்றை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

மண் தட்டு வாங்குங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலமான தட்டு போதும்; பூச்சோ பெயிண்டோ இல்லாத வெறும் சுட்ட மண்ணாக இருக்க வேண்டும். அதில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்தே இருக்கும், உள்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது. ஓரத்தில் ஓர் அங்குலம், நடுவில் இரண்டு அங்குலம், அதற்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவில் தண்ணீருக்கு மேல் முதுகு தெரியும்படி ஒரு கல். மாமர நிழலில் வையுங்கள். தவிட்டுக்குருவி, மைனா, கருஞ்சிட்டு எல்லாம் தரையிலேயே இறங்கும், ஆனால் பூனை வரும் வீடு என்றால் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை மேல் வைப்பதுதான் நல்லது. பறந்துபோய் ஒதுங்க ஒரு கிளை பக்கத்தில் இருக்க வேண்டும். பூனை பதுங்கக்கூடிய அடர்ந்த புதர் தட்டை ஒட்டி இருக்கக் கூடாது. ஏழெட்டு அடி இடைவெளி விடுங்கள். தினமும் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுங்கள். சோப்பு வேண்டாம். டெங்குக் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரமாவது ஆகும். தினசரி கழுவினால் அந்தப் பயமே இல்லை.

வைத்த அன்றே வரவில்லை என்று எடுத்துவிட வேண்டாம். இடத்தையும் மாற்றாதீர்கள். ஒரு பறவை பார்த்துவிட்டால் மற்றவற்றுக்குத் தெரிந்துவிடும். சீக்கிரம் வரவழைக்க ஒரு வழி உண்டு. மூடியில் ஊசித் துளையும் அடியில் காற்றுக்கு ஒரு சிறு துளையும் போட்ட தண்ணீர் பாட்டிலைத் தட்டுக்கு நேர் மேலே கிளையில் தலைகீழாகக் கட்டிவிடுங்கள். சொட்டுச் சொட்டாக விழும் சத்தமும் தண்ணீரில் எழும் சிற்றலையும் தூரத்திலிருந்தே இழுக்கும்.

எங்கள் திருச்சி வீட்டில் மாலை ஐந்து மணிக்கு நடப்பதைச் சொல்கிறேன். முதலில் தவிட்டுக்குருவிக் கூட்டம். ஒன்று வந்து கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். அப்புறம் கீச்சுக்கீச்சென்று பேசிக்கொண்டே மற்றவை ஒவ்வொன்றாக இறங்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தட்டுக்குள் நுழைந்து, மார்பைத் தண்ணீரில் அழுத்தி, இறக்கையைப் படபடவென்று அடித்துத் தண்ணீரை முதுகுக்கு மேல் வாரி இறைக்கும். ஒன்று மட்டும் கிளையிலேயே காவலுக்கு இருக்கும். குளித்தது மேலே போனதும் அது இறங்கும். நனைந்ததும் பாதி உருவம் ஆகிவிடும். பிறகு நெருக்கமாக ஒட்டி உட்கார்ந்து ஒன்றின் கழுத்தை இன்னொன்று கோதிவிடும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாண்டினால் உலகில் வேறெங்கும் இந்தப் பறவை கிடையாது. வீட்டுக் கொல்லையில் தினமும் பார்ப்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்துச் சின்னான் ஜோடி வரும். புள்ளிப்புறா வந்தால் அது குடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். மற்ற பறவைகள் ஒரு மடக்கு மொண்டு தலையை மேலே தூக்கி விழுங்கும். புறா அலகைத் தண்ணீரில் வைத்தபடியே, தலையைத் தூக்காமல் உறிஞ்சிக் குடிக்கும். தேன்சிட்டு தட்டுக்குள் இறங்குவது குறைவு. அதற்கு ஈரமான இலை வேண்டும். மாலையில் இட்லிப்பூச் செடிக்கும் செம்பருத்திக்கும் இலை நனையத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தள்ளி நின்றால், இலை மேல் வயிற்றைத் தேய்த்துச் சறுக்கிச் சறுக்கிக் குளிப்பதைப் பார்க்கலாம். ஆண் ஊதாத் தேன்சிட்டு இந்த மாதங்களில் கருநீலமாக மின்னும். இனப்பெருக்கம் முடிந்த பிறகு அந்த நிறம் போய், பெட்டையைப் போல மங்கலாகி, நெஞ்சில் மட்டும் ஒரு கருங்கோடு மிஞ்சும். அதனால் கோடையில் பார்த்தால்தான் உண்டு.

இன்னொரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்த்தவர்கள் பயந்துபோய்க் கேட்பார்கள். நல்ல வெயிலில் ஒரு மைனாவோ தவிட்டுக்குருவியோ தரையில் சாய்ந்து, ஒரு இறக்கையையும் வாலையும் விசிறியாக விரித்து, அலகைத் திறந்து, கண் சொருகினாற்போலக் கிடக்கும். வெயில் அடித்து விழுந்துவிட்டது என்று தோன்றும். ஓடிப்போய்த் தூக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உதறிக்கொண்டு இறகைக் கோதத் தொடங்கும். வேண்டுமென்றே வெயில் காய்கிறது அது. அந்தச் சூட்டில் இறகுப் பேன்கள் சாகும், அல்லது இடம் பெயரும், கோதி எடுப்பது சுலபமாகும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. உண்மையிலேயே சுருண்ட பறவை நீங்கள் அருகில் போனாலும் எழாது. அதை மட்டும் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணி விரித்து வைத்து, நிழலில், சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். தெளிந்ததும் ஒரு மூடியில் தண்ணீர் வைத்தால் தானே குடிக்கும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

பட்டாம்பூச்சிக்கு வருகிறேன். பூவைத் தேடிப்போய் உட்கார்ந்தால் கோடையில் பாதிதான் கிடைக்கும். இலையைத் தேடிப் போங்கள். உங்களிடம் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இருக்கின்றன, அதுவே பெரிய சொத்து. எலுமிச்சை அழகி வெயிலுக்கு அஞ்சாதது. மற்றவை ஒதுங்கிய பிறகும் பதினோரு மணி வெயிலில் விர்ரென்று பறக்கும். கருப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்னிறக்கையில் ஒரு செங்கல் நிறப் பொட்டு. ஒரு பட்டாம்பூச்சி பூ எதிலும் உட்காராமல் எலுமிச்சைத் தளிர்களையே சுற்றிச் சுற்றி வந்தால் அது பெண். இறக்கையை அடித்துக்கொண்டே இளந்தளிரை முன்னங்காலால் தொட்டுப் பார்க்கும். இலையின் சுவை அதற்குக் காலில் தெரியும். சரியான செடிதான் என்று உறுதியானதும் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த கிளைக்குப் போகும். போன பிறகு அந்தத் தளிரைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலையளவு வெளிர்மஞ்சள் உருண்டை இருக்கும்.

மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். சிறு வயதில் கருப்பும் வெள்ளையுமாக அப்படியே பறவை எச்சம் போல இலை நடுவில் கிடக்கும். தையல்சிட்டு அதை எச்சம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். பெரிதானதும் இலைப்பச்சைக்கு மாறும். விரலால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு இரண்டு வெளியே வந்து ஒரு புளித்த வாடை வீசும். எறும்பை விரட்ட அது. குழந்தைகள் இருந்தால் இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

கறிவேப்பிலையில் வளர்வது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி. இதன் பெண்களில் ஒரு வகை, ரோஜா அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் போலவே இருக்கும். ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் நஞ்சு, பறவைகள் தொடாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. இரண்டையும் பிரித்தறிய இறக்கையைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு. வேடம் போட்டதற்குக் கருப்பு.

மாமரத்திலும் ஒரு புழு உண்டு. என்னைக் கேட்டால் தோட்டத்தில் தேடிப் பார்க்க வேண்டியவற்றில் முதல் இடம் அதற்குத்தான். பழுப்பு இறக்கையோடு நிழலில் சறுக்கிப் பறக்கும் பாரன் என்ற பட்டாம்பூச்சியின் புழு அது. பச்சை உடம்பு, முதுகு நெடுக வெளிறிய ஒரு கோடு, இரு பக்கமும் மெல்லிய இறகு போன்ற கிளைமுட்கள். மாவிலையின் நடு நரம்பின் மேல் தன் முதுகுக்கோடு சரியாகப் பொருந்தும்படி படுத்துக்கொள்ளும். பக்கத்து முட்கள் இலையின் மேல் படிந்து, நிழல் விழாமல், புழு இருப்பதே தெரியாமல் போகும். கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் தாழ்ந்த கிளைகளில், ஓரம் கடிபட்ட இலைகளாகப் பார்த்துத் தேடுங்கள். முருங்கைத் தண்டில் கூட்டமாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஓர் அந்துப்பூச்சியின் புழு, பட்டால் அரித்துத் தடித்துவிடும். தெரியாத மயிர்ப்புழு எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

இவற்றை எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் மருந்து அடிப்பதை நிறுத்தியாக வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசல் கூடப் புழுவைக் கொல்லும். 'எலுமிச்சை இலையெல்லாம் ஓட்டை' என்று வீட்டில் சொன்னால், வளர்ந்த மரத்துக்கு அது ஒன்றும் செய்யாது என்று எடுத்துச் சொல்லுங்கள். சிறு கன்றாக இருந்தால் மட்டும் புழுவைப் பக்கத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிடலாம். இன்னொரு பக்கம், தையல்சிட்டும் சின்னானும் தேன்சிட்டும் தங்கள் குஞ்சுக்குக் கொடுப்பது இதே புழுவையும் சிலந்தியையும்தான். தேன் குடிக்கும் தேன்சிட்டு கூடக் குஞ்சைப் பூச்சி கொடுத்துத்தான் வளர்க்கிறது. புழு இல்லாத தோட்டத்தில் குஞ்சு வளராது.

தரையிலும் ஒரு ஏற்பாடு செய்யுங்கள். குழாயடியிலோ துணி துவைக்கும் கல்லின் ஓரத்திலோ மண் எப்போதும் ஈரமாக இருக்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் போகாத பக்கமாக இருக்கட்டும். காலை ஒன்பது, பத்து மணிக்கு எலுமிச்சை அழகியும் வெளிறிய எலுமிச்சை நிறத்தில் இருக்கும் கொன்றைப் பட்டாம்பூச்சிகளும் அந்த ஈர மண்ணில் மூக்குக்குழலை நீட்டி உட்காரும். பெரும்பாலும் ஆண்கள்தான். தண்ணீரோடு உப்புச் சத்தையும் உறிஞ்சுகின்றன. இலையிலும் தேனிலும் உப்பு குறைவு. ஆண் சேர்த்த உப்பு கலவியின்போது பெண்ணுக்குப் போய் முட்டைக்குச் சேரும். உறிஞ்சும் மும்முரத்தில் இருக்கும்போது குனிந்து ஒரு சாண் தூரம் வரை போகலாம், கைப்பேசியிலேயே அழகாகப் படம் எடுக்கலாம். நம் நிழல் அதன் மேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் பறந்துவிடும்.

அழுகத் தொடங்கிய வாழைப்பழம், பப்பாளித் துண்டு, மரத்தடியில் விழுந்து வெடித்த மாம்பழம், இவற்றை ஒரு தட்டில் நிழலில் வையுங்கள். எறும்பு ஏறாமலிருக்கத் தட்டைத் தண்ணீர் நிரப்பிய அகலத் தட்டுக்குள் வைக்க வேண்டும். பூவுக்கு அதிகம் வராத பாரன் இதற்கு வரும். விளக்கு வைக்கும் நேரத்தில், காய்ந்த இலை போலவே இருக்கும் ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி சுவரோரம் தாழப் பறந்து வந்தால் அது அந்திப் பொழுதில் மட்டும் நடமாடும் வகை, பகலில் சருகுக்குள் கிடந்தது. இதற்காகவும் தவிட்டுக்குருவி கிளறுவதற்காகவும் மாமரத்தடிச் சருகை முழுக்கக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையிலாவது விட்டுவையுங்கள். பாம்பு பயம் இருந்தால் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி விடலாம்.

வெட்டுக்காயப் பூண்டு, தும்பை போன்றவற்றைக் களை என்று பிடுங்காமல் வேலியோரம் விடுங்கள். சின்னச் சின்ன நீலப் பட்டாம்பூச்சிகளுக்கு இட்லிப்பூவைவிட இவைதான் இஷ்டம். வேலிக்கு வெளியே எருக்கு இருந்தால் அதுவும் இருக்கட்டும். ஆரஞ்சு நிற வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும்.

மே மாதம் கூடுகளின் காலமும் கூட. சின்னான் உங்கள் தொட்டிச் செடியிலோ போர்டிகோவில் தொங்கும் கொடியிலோ கூடு வைத்திருக்கலாம். காகத்தின் கூட்டைச் சுற்றி ஆண் குயில் கூவி காகத்தை இழுத்துக்கொண்டு போக, வெண்புள்ளிகள் கொண்ட பெட்டைக் குயில் முட்டையிட்டு விடுவதும் இப்போதுதான். காகம் தன் பின்னாலேயே கெஞ்சித் திரியும் குயில் குஞ்சுக்கு ஊட்டுவதை அடுத்த சில வாரங்களில் பார்க்கலாம். அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும். தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் அவற்றைப் போல இல்லாத ஒரு பெரிய குஞ்சு வாய் பிளந்து நின்றால் அது யார் என்று உங்களுக்குப் புரிந்துவிடும். கூட்டைத் தூரத்திலிருந்தே பாருங்கள். படம் எடுக்கக் கிளையை விலக்கினால் நிழல் போய்க் குஞ்சு வெயிலில் வெந்துவிடும், காகமும் வால்காக்கையும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம். தரையில் ஒரு குஞ்சு இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது. பூனை எட்டாத கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகிவிடுங்கள், தாய் வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல.

தொலைநோக்கி வாங்குவதாக இருந்தால் 8 மடங்கு பெரிதாக்கும் 42 மில்லிமீட்டர் கண்ணாடி, அதிலும் ஆறேழு அடித் தூரம் வரை தெளிவாகக் காட்டுவதாகக் கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் பட்டாம்பூச்சிக்கும் உதவும். அது இல்லாவிட்டாலும் குறையில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து தண்ணீர்த் தட்டு தெரியும்படி வைத்துவிட்டால் வேலை செய்துகொண்டே பார்க்கலாம். ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவரைப் பறவைகள் கண்டுகொள்வதில்லை. பெயர் தெரியாததைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பறவைப் பட்டியலை ஈபேர்ட் இணையதளத்தில் எழுதிவைக்கலாம். சாதாரண நோட்டும் பேனாவும் கூடப் போதும். தேதி, நேரம், வெயிலா மேகமா, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள்.

கடைசியாக, கோடை மழை. ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் மாலையில் எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிடுங்கள். புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். இரட்டைவால் கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். பனை உழவாரன் மேலே வட்டமிடும். மைனாவும் தவிட்டுக்குருவியும் புற்று வாயிலேயே நின்று பொறுக்கும். பழம் தின்னும் சின்னான் கூட எம்பி எம்பிப் பிடிக்கும். அந்த மழைக்குத் துளிர்க்கும் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் அடுத்த வாரமே முட்டைகள் இருக்கும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளம்பும் நீலவேங்கை என்ற பட்டாம்பூச்சிகள் உங்கள் ஊர் வழியாகக் கூட்டமாகக் கடக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே திசையில், நிற்காமல், ஆளுயரத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

புதிதாகச் செடி நடுவதை இப்போது செய்ய வேண்டாம். கத்திரியில் நட்டால் கருகிவிடும். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் பலமாக வீசும், அப்போது பட்டாம்பூச்சி நடமாட்டமும் குறையும். ஆடிப்பட்டத்தில் மண் ஈரமானதும் நடுங்கள்: இடம் இருந்தால் ஒரு சரக்கொன்றை, சுற்றுச்சுவர் ஓரம் ஒரு நெட்டிலிங்கம், கம்பிவேலியில் ஏற்றிவிட ஒரு ஈஸ்வரமூலிக் கொடி, பறவைகளுக்காக ஒரு தேன்பழ மரம். சிங்கப்பூர் செர்ரி என்று நர்சரியில் கேட்டாலும் இதைத்தான் கொடுப்பார்கள். வேகமாக வளர்ந்து, இரண்டு ஆண்டுக்குள் நிழலும் வருடம் முழுக்கப் பழமும் தரும்.